மலையில் யார் முடிவெடுப்பது?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருபவர்கள் வளைவுக்கு வளைவு வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே சாலையில் வலி கண்ட ஒரு கர்ப்பிணியைக் கீழே இறக்க வேண்டியிருந்தால் அவள் யார் யார் கையிலிருந்து யார் யார் கைக்குப் போகிறாள் என்று பார்ப்போம்.

முதலில் அவள் போவது ஆரம்ப சுகாதார நிலையம். அது பொது சுகாதார இயக்ககத்தின் கீழ் இயங்குகிறது. அங்கே சமாளிக்க முடியாவிட்டால் செம்மேடு அரசு மருத்துவமனை. அது மருத்துவம் மற்றும் ஊரகநலப் பணிகள் இயக்ககத்தைச் சேர்ந்தது. அதற்கும் மேலே தேவைப்பட்டால் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அது மருத்துவக் கல்வி இயக்ககத்தின் பொறுப்பு. இடையில் ஏற்றிச் செல்லும் 108 வண்டியை ஓட்டுவது அரசோடு ஒப்பந்தம் போட்ட வேறொரு நிறுவனம். வீட்டிலிருந்து அழைத்து வந்த ஆஷா பணியாளருக்கு ஊக்கத்தொகை வருவது தேசிய சுகாதாரக் குழுமத்திலிருந்து. ஒரே பெண், ஒரே பிரசவம், ஓர் இரவு. பொறுப்பாளர்கள் மட்டும் ஐந்து இடத்தில். ஒவ்வொருவரும் தத்தம் பதிவேட்டைச் சரியாக எழுதியிருந்தாலும் அந்த இரவு முழுவதற்கும் பொறுப்பான ஒருவர் இல்லை.

மருத்துவத் துறையில் தலைமை, நிறுவன மாற்றம் என்று பேசும்போதெல்லாம் மேலாண்மை நூல்கள் கர்ட் லெவினையும் ஜான் கோட்டரையும் மேற்கோள் காட்டும். பழைய பழக்கத்தை இளக்கு, மாற்று, மறுபடி உறைய வை என்று 1947-இல் லெவின் சொன்னார். அவசர உணர்வை உண்டாக்குவதில் தொடங்கி எட்டுப் படிகளை 1995-இல் கோட்டர் வகுத்தார். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கோட்டர் கவனித்தது பெருநிறுவனங்களை. அங்கே தலைவர் ஒருவர் இருப்பார், அவர் சொன்னால் கீழே நடக்கும். மலைக்கிராமத்து மருத்துவத்தில் அந்த முதல் அனுமானமே பொருந்துவதில்லை. இங்கே தலைவர்கள் கீழே, நாமக்கல்லிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். மலையில் நிற்பது ஒரு கிராம சுகாதாரச் செவிலியர். ஆகவே கொல்லிமலையை வைத்துக் கேட்க வேண்டிய கேள்வி, எப்படிப்பட்ட தலைவர் வேண்டும் என்பதைவிட, எந்த முடிவை யாரிடம் கொடுத்தபோது மாற்றம் நிலைத்தது என்பதுதான். நூறாண்டு அனுபவம் இதற்குக் கையில் இருக்கிறது.

அந்த நூறாண்டு தொடங்குவது ஜெஸ்ஸி பிராண்டில். ஆங்கிலேய மதப் பணியாளர். முழுமையான மருத்துவர் அல்லர், வெப்பநாட்டு நோய்களில் ஓராண்டு பயிற்சி பெற்றவர். 1913-இல் மனைவி எவ்லினோடு மலையேறி வாழவந்தியில் தங்கினார். காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, புண்கள் என்று வந்ததற்கெல்லாம் மருந்து கொடுத்தார்கள். அன்றைக்கு மலையை வாட்டிய நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. காலில் கொப்புளம் கிளம்பி, அது உடைந்து, வெள்ளை நூல்போல ஒரு புழு தலைநீட்டும். இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் உள்ளே சீழ் பிடிக்கும். ஆகவே ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, பல நாள் பொறுத்து வெளியே எடுக்க வேண்டும். முழுப் புழு ஒரு மீட்டர் நீளம்கூட இருக்கும். இப்படி ஒரு காலிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே மற்ற நோயாளிகள் ஊர்ப் படிக்கிணற்றில் காலை நனைத்துத் தண்ணீர் மொள்வார்கள். புழு தண்ணீரில் இளம்புழுக்களை விடும், குடித்தவருக்கு அடுத்த ஆண்டு நோய் வரும். குச்சியோடு உட்கார்ந்திருந்தால் இது முடியாது என்று ஜெஸ்ஸி பிராண்டுக்குப் புரிந்தது. கிணறு தோண்டவும், தண்ணீரைத் துணியில் வடிகட்டவும் ஊர் ஊராகச் சொல்லத் தொடங்கினார். நோயாளியின் காலிலிருந்து ஊர்க் கிணற்றுக்கு அவர் பார்வை நகர்ந்ததே இந்த மலையில் நடந்த முதல் நிறுவன மாற்றம் என்பேன்.

1929-இல் மலேரியாவின் கடுஞ்சிக்கலான கருநீர்க் காய்ச்சலில் அவர் இறந்தார். பின்னர் நடந்ததுதான் நிர்வாகம் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது. அவர்களை அனுப்பிய மிஷன் எவ்லினைச் சமவெளிக்கு மாற்றியது. மலைக்குத் திரும்ப அவர் கேட்டபோதெல்லாம் மறுத்தது. வயது வந்ததும் ஓய்வு பெறச் சொன்னது. ஓய்வு பெற்ற மறுகணம் அவர் யாருடைய ஊழியரும் அல்லர் என்ற உரிமையோடு கொல்லிமலைக்கே போனார். எழுபதைத் தொடும் வயதில் மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சுற்றினார், கீழே விழுந்து அடிபட்டபின் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார், பக்கத்து மலைகளுக்கும் போனார். 1974-இல் 95 வயதில் இறந்து, கணவருக்குப் பக்கத்தில் வாழவந்தியில் அடக்கமானார். ஒன்பது வயதுவரை இந்த மலையில் வளர்ந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தி உலகப் புகழ் பெற்றார்.

எவ்லின் பிராண்டை எல்லோரும் தியாகத்தின் அடையாளமாகவே எழுதுகிறார்கள். அது தகும். ஆனால் அவர் பணியாற்றிய நிறுவனம் விதியைக் காப்பாற்றி ஆளை இழந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மலையில் தங்க விரும்பும் ஒருவரைத் தங்கவிடாத விதி அன்று மிஷனில் இருந்தது. இன்றும் வேறு வடிவத்தில் அரசுத் துறையில் இருக்கிறது. இன்னொன்று: எவ்லினுக்குப் பிறகு அவர் இடத்தை நிரப்ப மலையிலேயே பிறந்த ஒருவர் ஆயத்தமானதாகத் தெரியவில்லை. ஒருவருடைய மன உறுதியால் நடக்கும் வேலை அவரோடு முடிகிறது. நரம்புச் சிலந்தி இந்தியாவிலிருந்தே ஒழிந்தது அரசின் தேசியத் திட்டத்தால். கடைசி நோயாளி 1996-இல் கண்டறியப்பட்டார், 2000-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கொல்லிமலைக் கிணறுகளில் தொடங்கிய அதே அறிவு, ஒரு துறையின் கைக்கு வந்தபோதுதான் நாடு முழுதும் வேலை செய்தது.

துறையை எளிதாகக் குறை சொல்லிவிட்டுப் போகக்கூடாது. தமிழ்நாட்டுப் பொது சுகாதாரத் துறை இந்தியாவில் தனித்துவமானது. 1920-களிலேயே தனி இயக்குநர், 1939-இல் தனிச் சட்டம், மருத்துவர்களுக்கு என்றே ஒரு பொது சுகாதாரப் பணிநிலை. இந்த அடித்தளத்தின் மேல் 1990-களிலிருந்து சில முடிவுகள் எடுக்கப்பட்டன. அவற்றில் இரண்டை மட்டும் நெருங்கிப் பார்க்கலாம்.

1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கியதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதன் உயிர்நாடி பாஸ்புக் முறை. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று ஒரு வரவுப் புத்தகம். அந்த வரம்புக்குள் எந்த மருந்தை எவ்வளவு எடுப்பது என்பதை மாவட்டக் கிடங்கிலிருந்து அந்த நிலையமே தீர்மானிக்கும். சென்னையில் ஒருவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி மூட்டை கட்டி அனுப்பிய காலம் அதோடு முடிந்தது. விலை பேசுவது மேலே. எது வேண்டும் என்பது கீழே. எந்த அதிகாரம் எங்கே இருக்க வேண்டும் என்று பிரித்துப் பார்த்த அறிவு இது.

இரண்டாவது தாய் இறப்புத் தணிக்கை. கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ ஒரு பெண் இறந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். குழு வீட்டுக்கே போய், என்றைக்கு வலி வந்தது, யார் முதலில் பார்த்தது, வண்டி எப்போது வந்தது என்று குடும்பத்தாரிடம் கேட்கும். பின்னர் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் மூன்று இயக்ககத்தாரும் ஒரே மேசையில் உட்காருவார்கள். இறந்தவரின் உறவினர்களும் அழைக்கப்பட்டார்கள். தண்டிப்பதற்கான கூட்டம் இது அல்ல என்பது விதி. இத்தோடு 24 மணி நேரமும் மூன்று செவிலியர்கள் மாறி மாறி இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. நள்ளிரவில் மருத்துவர் இல்லாமலேயே இயல்பான பிரசவத்தை நடத்தும் பொறுப்பு செவிலியரிடம் வந்தது. 2008-இல் 108 வந்தது. மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்கில் 2001–03-இல் லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 134 ஆக இருந்த தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதம் 2018–20-இல் 54 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்திய சராசரி 301-லிருந்து 97. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனையில் நடந்திருக்கின்றன. வெறும் கட்டளையால் இது வந்திருக்காது. இறந்த பெண்ணின் தாய் ஆட்சியர் எதிரே உட்கார்ந்து பேசியதில் வந்தது.

சராசரிக்குள் மலை மறைந்துவிடும் என்பது இங்கே இருக்கும் ஆபத்து. விதிப்படி சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் 30,000 பேருக்கு, மலையில் 20,000 பேருக்கு. கொல்லிமலையில் சுமார் 40,000 பேர், பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். நாடு என்று அழைக்கப்படும் 14 பிரிவுகள், அவற்றுள் இருநூறுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: விதியை ஒன்றுவிடாமல் நிறைவேற்றினாலும் ஒரு செவிலியருக்குப் பதினைந்து சிற்றூர்கள் வரும். சமவெளியில் பதினைந்து ஊர் என்றால் ஸ்கூட்டரில் ஒரு வாரம். இங்கே ஓடையைக் கடந்து, மிளகுத் தோட்டத்துக்குள் இறங்கி, எதிர்மேட்டில் ஏறிப் போக வேண்டிய ஊர்கள் உண்டு. மழைக்காலத்தில் சில ஊர்களுக்கு நடந்துபோவதே ஒருநாள் வேலை. தலைக்கணக்கை வைத்து விதி செய்தவர்கள் நடக்கும் தூரத்தை அளக்கவில்லை.

மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவ காலக் காத்திருப்பு அறை ஏற்படுத்தியது நல்ல யோசனை. தேதி நெருங்கும்போது முன்கூட்டியே வந்து தங்கிவிட்டால் இரவில் வளைவுகளில் இறங்க வேண்டியதில்லை. ஆனாலும் பெண்கள் வரத் தயங்குகிறார்கள் என்ற பேச்சு மலைதோறும் கேட்கிறது. காரணத்தை அவர்களிடமே கேட்டால் தெரிந்துவிடும். மூத்த பிள்ளைக்குக் கஞ்சி யார் ஊற்றுவது? சாமை அறுப்பு நேரத்தில் கணவன் கூட வந்து உட்கார முடியுமா? மாமியார் வந்தால் அவருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் உண்டா? ஒரு பாயும் ஒரு வேளைச் சோறும் தீர்க்கக்கூடிய சிக்கல் இது. தேசிய ஊரக சுகாதாரத் திட்டம் துணை சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் கட்டுப்பாடற்ற நிதி என்று கொடுத்தது இம்மாதிரித் தேவைக்காகத்தான். செவிலியரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டு எடுக்கலாம். கட்டுப்பாடற்றது என்று பெயர் வைத்த பிறகும், தணிக்கையில் கேள்வி வருமோ என்று பயந்து மேலிடத்து வாய்மொழி அனுமதிக்குக் காத்திருக்கும் வழக்கம் போகவில்லை. பணம் கீழே வந்தது, துணிவு வரவில்லை. தவறு செய்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு மேலதிகாரி தன் செவிலியரிடம் சொல்வது, எந்தத் தலைமைப் பயிற்சி வகுப்பையும்விடப் பயன் தரும்.

மருத்துவர்கள் விஷயத்தில் வேறு சிக்கல். எளிதில் எட்டாத இடங்களில் பணிபுரிந்தால் முதுநிலைப் படிப்பு நுழைவுத் தேர்வில் ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் 30 வரை ஊக்க மதிப்பெண் என்று விதி வந்தது. அரசு மருத்துவர்களுக்கு முதுநிலையில் இட ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இதெல்லாம் மலைக்கு மருத்துவரை வரவழைத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே திரும்பிப் போகும் தேதியும் எழுதப்பட்டிருக்கிறது. மொழியும் ஊரும் பழகி, எந்த வீட்டில் சர்க்கரை, எந்த வீட்டில் குடி என்று தெரிந்துகொள்ளும் வேளையில் மதிப்பெண் முழுமையாகிவிடும். இளம் மருத்துவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படிப்பை முடித்து மலைக்கே திரும்பி வருபவருக்கு என்ன பதவி உயர்வு, பிள்ளைகளுக்கு என்ன பள்ளி என்று துறை இன்னும் யோசிக்கவில்லை.

மேற்பார்வை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கொல்லிமலை இருக்கும் நாமக்கல் மாவட்டத்திலேயே கசப்பான சான்று இருக்கிறது. 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் ஓர் ஒலிப்பதிவு வெளியாகி, பல ஆண்டுகளாகக் குழந்தைகள் விற்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. ஏழைக் குடும்பங்களின் குழந்தைகள், கொல்லிமலைக் குழந்தைகள் உட்பட, கைமாறியதாகச் சொல்லப்பட்டது. ஓய்வுபெற்ற செவிலிய உதவியாளர் ஒருவர் கைதானார், வழக்கு சிபிசிஐடி வசம் போனது. மருத்துவமனைப் பிரசவம் கூடியதைப் பெருமையாக எண்ணிக்கொண்டிருந்த நிர்வாகம், பிறந்த குழந்தை அடுத்த மாதம் அதே வீட்டில் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. எண்ணிக்கையில் குறியாக இருக்கும் தலைமைக்கு ஆள் கண்ணில் படுவதில்லை.

மாற்று வழி கொல்லிமலைக்கு வெகுதூரத்தில் இல்லை. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியில், இதே மலையாளிப் பழங்குடியினரிடையே, மருத்துவர் ரெஜி ஜார்ஜும் மருத்துவர் லலிதாவும் 1993-இல் ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார்கள். ஆயிரம் குழந்தைகளில் 147 பேர் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்ததாக அவர்கள் பதிந்தார்கள். பிறகு அது ஏழில் ஒரு பங்காகக் குறைந்தது. உள்ளூர்ப் பெண்களுக்குச் செவிலியப் பயிற்சி கொடுத்து மருத்துவமனையையே அவர்களைக் கொண்டு நடத்தினார்கள். ஒவ்வோர் ஊரும் தானே தேர்ந்தெடுத்த நடுவயதுப் பெண்கள் சுகாதாரத் துணைப் பணியாளர்கள் ஆனார்கள். அடுத்து இயற்கை வேளாண்மை, கைத்தையல் என்று வேலை விரிந்தது. வயிறு நிறையாமல் இரத்தசோகை தீராது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். 1986-இல் நில உரிமைக்காகத் தொடங்கிய அக்கார்ட் அமைப்பிலிருந்து 1990-இல் அஸ்வினி என்ற மருத்துவ அமைப்பு பிறந்தது. பணியர், பெட்டக்குரும்பர், முள்ளுக்குரும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய சமூகங்களின் பெண்களே அங்கே செவிலியர்கள். நிர்வாகத்திலும் ஆதிவாசிகள் உட்கார்ந்தார்கள். வெளியிலிருந்து வந்த மருத்துவர்கள் ஒரு கட்டத்தில் விலகி இடம் கொடுக்கத் திட்டமிட்டே பணியாற்றினார்கள். எவ்லின் பிராண்டின் மலையில் நடக்காமல் போனது இங்கே நடந்தது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பாங், ராணி பாங் இணையர் படிப்புக் குறைந்த கிராமப் பெண்களைப் பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் தேற்றியதும் இதே வழிதான். 1999-இல் லான்செட் இதழில் வெளியான அந்த ஆய்வு பின்னாளில் நாடெங்கும் ஆஷாக்களின் வேலைமுறையானது.

தொண்டு நிறுவனம் செய்தால் சிறிதாகத்தானே செய்யும், அரசால் இப்படி முடியுமா என்று கேட்கலாம். அலாஸ்காவில் முடிந்தது. அமெரிக்க மைய அரசு நடத்திவந்த பழங்குடியினர் மருத்துவச் சேவையை 1990-களின் இறுதியில் ஆங்கரேஜில் சவுத்சென்ட்ரல் ஃபவுண்டேஷன் என்ற பழங்குடியினர் அமைப்பே ஏற்றுக்கொண்டது. அரசுப் பணம் தொடர்ந்தது. யாரை நியமிப்பது, எப்போது திறப்பது, குடும்பத்துக்கு எந்த மருத்துவக் குழு என்ற முடிவுகள் அந்த மக்களிடம் வந்தன. அங்கே நோயாளிக்கு வாடிக்கையாளர்-உரிமையாளர் என்று பெயர். தரமான நிர்வாகத்துக்கான அமெரிக்க தேசிய விருதான பால்ட்ரிஜ் விருதை 2011-லும் 2017-லும் அவர்கள் பெற்றார்கள். இந்தியாவில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் பழங்குடியினர் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் சட்டத்திலேயே உண்டு. தமிழ்நாட்டில் ஒரு மலைகூட அந்த அட்டவணையில் இல்லை. ஆக, கொல்லிமலை மக்களுக்குத் தங்கள் மருத்துவமனையைப் பற்றிப் பேசுவதற்கு நோயாளர் நலச் சங்கக் கூட்டமும் சாதாரண கிராம சபையும்தான் இருக்கின்றன.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இந்த இடத்தில் நம்பிக்கை தருகிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார். மலையில் அவர் அதே ஊர்ப் பெண். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் மாத்திரையைப் பாதியில் விட்டார் என்று எந்தக் கணினிக்கும் முன்னால் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் அறிந்தது மேலே போவதற்கு ஒரு செயலியில் குறித்த கட்டங்கள் மட்டுமே இருக்கின்றன. ஆஷாவைப் போலவே அவரும் ஊக்கத்தொகைக்காரர், பதவி ஏணியில் முதல் படிக்குக் கீழே நிற்பவர். மலையை முழுதாக அறிந்தவர்களை நிர்வாகத்தின் கடைசி வரிசையில் வைத்துக்கொண்டு தலைமையைப் பற்றி நாமக்கல்லில் பயிற்சி நடத்திப் பயனில்லை.

சுகாதாரத் துறை செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. கொல்லிமலை வட்டத்துக்கு என்று ஒரே சுகாதாரப் பொறுப்பாளர், மூன்று இயக்ககங்களின் பணியாளர்களுக்கும் 108-க்கும் ஆணையிடும் அதிகாரத்தோடு, ஐந்தாண்டுக்குக் குறையாமல் அங்கேயே தங்க வேண்டும். மாதம் ஒருமுறை செம்மேட்டில் அவர் தலைமையில் நடக்கும் கூட்டத்தில் 14 நாடுகளின் ஊர்க்கவுண்டர்களும், அதைவிட முக்கியமாக அந்தந்த நாட்டுப் பெண்களும், உட்கார வேண்டும். தாய் இறப்புக்கு மட்டுமன்றி, கீழே அனுப்பப்பட்ட ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் அங்கே பேச வேண்டும். நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தாகிவிட்டது. அங்கே மலையில் பிறந்த பெண்களுக்கு ஆண்டுதோறும் சில செவிலியப் பயிற்சி இடங்களை ஒதுக்கி, ஆஷாவாகவும் தன்னார்வலராகவும் பணியாற்றியவர்களுக்கு அதில் முன்னுரிமை தந்து, அவர்களை மலையிலேயே நியமித்து, மேற்பார்வையாளர் வரை உயர வழி செய்ய ஓர் அரசாணை போதும். சட்டமன்றத்தில் மருத்துவத் துறை மானியக் கோரிக்கை ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சேந்தமங்கலம் தொகுதியின் உறுப்பினரிடம் கொல்லிமலை மக்கள் இந்தக் கோரிக்கையை எழுதிக் கொடுக்க வேண்டும். படிக்கும் நீங்களும் உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேளுங்கள்.